கதை என்று தெரிந்தே

1962 ஏப்ரல் 7 அன்று, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஃபுல்டன் என்ற சிறிய ஊரில், வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரி மாணவர்கள் இருவர் தண்ணீரைப் பகிர்ந்து குடித்தார்கள். ஒருவர் டிம் ஸெல், இன்னொருவர் லான்ஸ் கிறிஸ்டி. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஓர் அறிவியல் புனைகதையை இருவரும் படித்திருந்தார்கள். ராபர்ட் ஹைன்லைன் எழுதிய 'ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்' அது. செவ்வாய்க் கிரகவாசிகள் வளர்த்த ஒரு மனிதப் பிள்ளை பூமிக்கு வந்து சேர்வதுதான் கதை. செவ்வாய் வறண்ட நிலம், அங்கே தண்ணீரைவிட அரியது எதுவும் இல்லை. அதனால் ஒருவரோடு தண்ணீரைப் பகிர்ந்துவிட்டால் அந்த உறவு உயிர் உள்ளவரை அறாது. அவர்கள் அதற்குப் பிறகு 'தண்ணீர்ச் சகோதரர்கள்'.

இது ஒரு மனிதர் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதியது என்று அந்த மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தார்கள்.

அந்தத் தண்ணீரிலிருந்து ஒரு அமைப்பே வளர்ந்தது. நாவலில் வரும் சபையின் பெயரையே எடுத்து 'சர்ச் ஆஃப் ஆல் வேர்ல்ட்ஸ்' என்று பெயர் வைத்தார் ஸெல். 1968-ல் அது மிசூரியில் பதிவானது. 1970-ல் அமெரிக்க வருமான வரித்துறை அதை ஒரு மத அமைப்பாக ஏற்று வரிவிலக்கு தந்தது. வட்டமாக உட்கார்ந்து ஒரு கிண்ணத்தைக் கைமாற்றுவார்கள். வாங்குபவரிடம் கொடுப்பவர் இரண்டு வாக்கியங்களில் ஒன்றைச் சொல்வார்: 'நீ ஒருபோதும் தாகத்தால் வாடாதிருப்பாய்' அல்லது 'நீயே கடவுள்'. இரண்டாவதைக் கேட்டதும் நம்மில் பலருக்கு 'தத்துவமசி' நினைவுக்கு வரும். எனக்கு என்னவோ முதல் வாக்கியம்தான் நெஞ்சில் தங்கியது. வீட்டுக்கு வந்தவரிடம் பெயரைக் கேட்பதற்கு முன்பே ஒரு சொம்பு தண்ணீரை நீட்டும் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, அந்தச் சடங்கு செவ்வாயிலிருந்து வந்ததாகவே தோன்றாது.

கடவுளோ முனிவரோ சொன்னதாக யாரும் கோராத ஒரு கதையிலிருந்து அன்றாட அனுஷ்டானம் பிறக்க முடியுமா? பிறந்தால் அது நிலைக்குமா? சில ஆண்டுகளாக இதைப் படித்தும் கொஞ்சம் செய்து பார்த்தும் வருகிறேன். முடியும் என்பதே என் எண்ணம். ஆனால் நிலைப்பவை எல்லாமே கையால் செய்யக்கூடிய சிறிய காரியங்களாக இருக்கின்றன. நம்பிக்கை அறிக்கைகள் உதிர்ந்துவிடுகின்றன, தண்ணீர்க் கிண்ணம் தங்கிவிடுகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். கதையைப் பார்த்து வழிபாடு தொடங்குவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1975-ல் வந்த 'ஜெய் சந்தோஷி மா' என்ற இந்திப் படத்தைப் பார்க்கப் போனவர்கள் திரையரங்க வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், திரைக்குப் பூப்போட்டார்கள். அதுவரை சில பகுதிகளில் மட்டுமே தெரிந்திருந்த ஒரு அம்மனுக்கு, 16 வெள்ளிக்கிழமை புளிப்பு தவிர்த்து, வெல்லமும் கொண்டைக்கடலையும் படைக்கும் விரதம் ஊர் ஊராகப் பரவியது. ஆனால் அந்தப் பெண்கள் கும்பிட்டது படத்தை அல்ல. அம்மன் உண்மையில் இருக்கிறாள், படம் அவளை அறிமுகப்படுத்தியது, அவ்வளவுதான். புராணமும் அப்படித்தான். கேட்பவர்களுக்கு அது நடந்த கதை. நான் பேசுவது வேறு வகை. ஆசிரியரே 'இது என் கற்பனை' என்று சொல்லி, அட்டையிலும் 'நாவல்' என்று அச்சிட்டிருக்கும் ஒன்றை, அப்படித் தெரிந்தும் உயிருக்கு ஆதாரமாகப் பிடித்துக்கொள்வது.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்கஸ் ஆல்டெனா டேவிட்சன் இதைத்தான் 'புனைவை அடிப்படையாகக் கொண்ட மதம்' என்று பெயரிட்டுப் பிரித்தார். எல்லாக் கதைகளும் இதற்கு இடம் கொடுப்பதில்லை என்பது அவருடைய முக்கியமான கருத்து. கதைக்குள்ளேயே ஒரு வழிபாடோ தத்துவமோ செயல்பட வேண்டும், அதாவது பாத்திரங்கள் எதையோ நம்பி எதையோ செய்ய வேண்டும். அப்புறம், அந்த உலகம் நம் உலகத்தோடு எங்கோ ஒட்டியிருப்பதாகக் காட்டும் ஒரு வாசலும் வேண்டும். ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தன் மூன்று பாகக் காவியத்தை ஒரு பழைய கையெழுத்துச் சுவடியின் மொழிபெயர்ப்பு போலத்தான் முன்வைக்கிறார். அது எழுத்தாளர்கள் வழக்கமாகச் செய்யும் விளையாட்டு. ஆனால் அந்த வாசல் வழியாகச் சிலர் உள்ளே போய்விட்டார்கள். அவர் இறந்தபின் 1977-ல் 'சில்மரிலியன்' வெளிவந்தது. அதில் உலகப் படைப்பின் கதையும் வாலார் என்ற தேவகணங்களும் வருகின்றன. அந்த வாலார்களை நோக்கிச் சடங்கு செய்யும் சிறு குழுக்கள் தோன்றின. டோல்கீனோ ஆழ்ந்த கத்தோலிக்கர். தன் கதையை யாராவது வழிபாட்டு நூலாக வைத்துக்கொள்வதை அவர் விரும்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹைன்லைனும் தன் நாவல் சிந்திக்க அழைப்பதாகவும், நம்பச் சொல்லவில்லை என்றும்தான் சொல்லிவந்தார்.

இந்த வகையில் உலகம் அதிகம் கேள்விப்பட்டது ஜெடாய் மதத்தைத்தான். 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் வீரத் துறவிகள் ஜெடாய்கள். உயிர்களையெல்லாம் பிணைக்கும் 'ஃபோர்ஸ்' என்ற ஆற்றலோடு இசைந்து வாழ்பவர்கள். 2001-ல் இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற கேள்விக்கு 3,90,127 பேர் 'ஜெடாய்' என்று எழுதினார்கள். பெரும்பாலும் மின்னஞ்சலில் பரவிய ஒரு அழைப்பின் விளைவு அது. 2011-ல் எண்ணிக்கை 1,76,632. 2021-ல் சுமார் 1,600. படிவத்தில் ஒரு சொல்லை எழுதுவது ஒரு நாள் வேலை என்பதால் இந்தச் சரிவு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. இந்த எண்களை வைத்து அந்த வழியையே கேலிசெய்து ஒதுக்குவது மட்டும் நியாயமில்லை. 2005-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பதிவான 'டெம்பிள் ஆஃப் தி ஜெடாய் ஆர்டர்' போன்ற அமைப்புகளில் தியானம் செய்பவர்கள், பாடங்களைப் படித்து நாட்குறிப்பு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். படங்களை அவர்கள் உவமைக் கதைகளாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதே அமைப்பு பிரிட்டனில் அறக்கட்டளைத் தகுதி கேட்டபோது, 2016 டிசம்பரில் அங்கத்திய அறக்கட்டளை ஆணையம் மறுத்துவிட்டது. ஒரு மதத்துக்கு வேண்டிய ஒருங்கிணைவும் தீவிரமும் இதில் இல்லை, அவரவர் தனக்குப் பிடித்தபடி எடுத்துக்கொள்ளும் வாழ்க்கை முறையாகவே இது இருக்கிறது என்பது ஆணையத்தின் பார்வை. சட்டத்தின் கண்ணில் அது சரியாக இருக்கலாம். தனிமனிதனின் அனுஷ்டானத்துக்கு அந்தத் தகுதியால் என்ன ஆகப்போகிறது? விடியற்காலையில் கண்ணை மூடி உட்காருகிறவனுக்கு ஆணையத்தின் கடிதம் தேவையில்லை.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் கதைக்குள் இருக்கும் மதத்தை வெளியே எடுத்துக்கொண்டு வந்தவர்கள். இன்னொரு வழி இருக்கிறது. அது என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. கதைக்குள் மதமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வேதத்தைப் படிக்கும் முறையில் கதையைப் படிப்பது.

வனெஸ்ஸா ஸோல்டன் என்ற பெண் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சமயக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். யூதக் குடும்பம். தாத்தா பாட்டிகள் நால்வருமே நாஜிகளின் யூதப் படுகொலையிலிருந்து உயிரோடு மீண்டவர்கள். கடவுளை நோக்கிப் பிரார்த்திக்க அவரால் முடியவில்லை, ஆனால் பிரார்த்தனை என்ற செயலை இழக்கவும் மனமில்லை. தன் பேராசிரியர் ஸ்டெஃபனி பால்செலிடம் போய் ஒரு வேண்டுகோள் வைத்தார்: 'ஜேன் ஐர்' நாவலை வைத்துப் பிரார்த்திக்கக் கற்றுத் தருவீர்களா? பேராசிரியர் சிரித்து அனுப்பிவிடவில்லை. இருவரும் உட்கார்ந்து படித்தார்கள். அந்த அனுபவம் 2021-ல் புத்தகமாகவும் வந்தது. அதற்கு முன்பே, 2016-ல், காஸ்பர் டெர் கைல் என்ற நண்பரோடு சேர்ந்து ஹாரி பாட்டர் நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாகப் புனித நூல் போலப் படிக்கும் ஒரு பாட்காஸ்ட் தொடங்கியிருந்தார்.

அவர்கள் தங்களுக்கு மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டார்கள். முதலாவது நம்பிக்கை. கடவுள் மேல் வைக்கும் நம்பிக்கை அல்ல அது. இந்தப் பக்கத்தோடு எவ்வளவு நேரம் இருக்கிறோமோ அவ்வளவு அது திருப்பித் தரும் என்ற நம்பிக்கை. அடுத்தது கடுமை: மெதுவாக, திரும்பத் திரும்ப, மனம் ஓடும்போதும் விடாமல் படிப்பது. கடைசியாகக் கூட்டு: தனியாகப் படிக்காமல் இன்னொருவரோடு படிப்பது. புனிதம் என்பது பொருளில் ஒட்டியிருப்பது இல்லை, நாம் செய்யும் செயலில் உண்டாவது என்பது ஸோல்டனின் நிலைப்பாடு. ஆற்றங்கரையில் பிடித்துவைத்த மண்ணுக்குப் பூப்போட்டுக் கும்பிட்டுவிட்டுப் பிறகு நீரில் கரைத்துவிடும் நாட்டவருக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமம் இருக்காது.

படிக்கும் முறைகளை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பழைய மரபுகளிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கிறிஸ்தவத் துறவியரின் 'லெக்டியோ டிவினா' அவற்றில் ஒன்று. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி அதை நான்கு படி உள்ள ஏணியாக விளக்கினார்: வாசிப்பு, சிந்தனை, மன்றாட்டு, அமைதியில் நிலைத்தல். பாட்காஸ்டில் அதை நான்கு கேள்விகளாக மாற்றிக்கொண்டார்கள். இந்த வரியில் கதைப்படி என்ன நடக்கிறது? இது வேறு எந்தக் கதைகளையும் உருவங்களையும் நினைவூட்டுகிறது? என் வாழ்க்கையில் எதைத் தொடுகிறது? என்னை என்ன செய்யச் சொல்கிறது?

செய்து பார்த்ததைச் சொல்கிறேன். 'ஜேன் ஐர்' 1847-ல் வந்த நாவல். அதன் முதல் வாக்கியம் மிகச் சாதாரணமானது: அன்று நடைபோக வழியே இல்லை. ஒரு வாரம் அந்த ஒரு வரியோடு இருந்தேன். கதைப்படி நவம்பர் மாதம், குளிர்காற்று, மழை. பத்து வயது அநாதைப் பெண் ஒருத்தி, இறந்துபோன தாய்மாமன் வீட்டில், மாமியின் தயவில் இருக்கிறாள். இரண்டாவது கேள்விக்கு எனக்கு அடைத்த கதவுகளாக நினைவுக்கு வந்தன. மூன்றாவதில் என் அம்மா வந்து நின்றார். முட்டிவலியால் அம்மா வெளியே போவது குறைந்துவிட்டிருந்தது. கோயிலுக்கு, கடைத்தெருவுக்கு, அக்கா வீட்டுக்கு என்று சுற்றிக்கொண்டிருந்தவர் வீட்டோடு ஆகிவிட்டாரே என்று நான் மனதுக்குள் உருகிக்கொண்டிருந்தேன். நான்காவது கேள்விக்கு எந்தப் பதிலும் வரவில்லை.

எட்டாவது நாள் அடுத்த பத்திக்குப் போனேன். எனக்கு அதில் மகிழ்ச்சிதான், நீண்ட நடை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை என்கிறாள் ஜேன். நான் ஒரு வாரமாக அவள் மேல் ஏற்றிவைத்திருந்த சோகம் அவளிடம் இல்லவே இல்லை. நாவலை முன்பே படித்தவன்தான், ஆனாலும் இந்த வரியைக் கவனிக்காமல் தாண்டியிருக்கிறேன். அன்று சாயங்காலம் அம்மாவுக்கு போன் செய்து, வெளியே போக முடியாதது கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை. "போகச் சொல்லி யாரும் கூப்பிடாம இருக்கிறதே நிம்மதியா இருக்குப்பா" என்றார். அப்புறம் தன் சின்ன வயதில் வாசற்படி தாண்டாமல் புத்தகம் படித்த நாட்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

கதை என்னைத் திருத்தியது என்று இதைச் சொல்லலாம். வேகமாகப் படித்திருந்தால் திருத்தியிருக்காது. அதனால்தான் முறை முக்கியம் என்கிறேன்.

பூந்தொகுப்பு என்று பொருள்படும் 'ஃப்ளோரிலீஜியம்' இன்னொரு முறை. படிக்கும்போது மின்னும் வரிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகு மூல நூலை மறந்து, அந்த வரிகளை ஒன்றோடொன்று பேசவிடுவது. யூத மரபின் 'ஹவ்ரூதா' முறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, பாடத்தைக் கேள்வி கேட்டே பிரித்துப்போடுவார்கள். மூன்றில் எனக்குப் பிடிபடாதது இதுதான், ஏனென்றால் இதற்கு விடாமல் வரும் ஒரு துணை வேண்டும்.

நம்மிடம் இதற்கு உறவான ஒன்று இருந்தது. ஓலைச்சுவடிக் கட்டில் கயிறு சாத்திப் பார்ப்பது, அதாவது ஓலைகளுக்கு நடுவே கயிற்றைச் செருகி, அது விழும் ஓலையில் விடை தேடுவது. 13-ஆம் நூற்றாண்டில், பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுத களப்பாளருக்குப் பிள்ளை இல்லை. குருவான சகலாகம பண்டிதர் தேவாரச் சுவடியில் கயிறு சாத்தச் சொன்னார். கயிறு விழுந்த ஓலையில் இருந்தது திருவெண்காட்டுப் பதிகத்தில் சம்பந்தர் பாடிய 'பேயடையா பிரிவெய்தும்' என்ற பாட்டு. பிள்ளை வரத்தைப் பேசும் பாட்டு. களப்பாளர் மனைவியோடு திருவெண்காடு போய் முக்குளத்தில் நீராடி வழிபட, பிறந்த பிள்ளைதான் பின்னாளில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் என்பது சைவ மரபு சொல்லும் வரலாறு. ஐரோப்பியர்கள் இதே மாதிரி ரோமானியக் கவிஞர் விர்ஜிலின் காவியத்தைத் திறந்து பார்த்தார்கள். ஈரானில் இன்றும் ஆண்டின் மிக நீண்ட இரவான யல்தா இரவில் குடும்பமாக உட்கார்ந்து பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதை நூலைத் திறந்து பார்க்கிறார்கள். தேவாரம் பக்திப் பாட்டு. விர்ஜிலுடையது ஒரு கவிஞர் படைத்த காவியம். ஹாஃபிஸ் காதலையும் மதுவையும் பாடியவர். கண்முன் இருக்கும் பக்கத்தில் எனக்கான சொல் இருக்கிறது என்று காத்திருக்கும் பழக்கம், பக்கத்தில் இருப்பது எந்த வகை எழுத்து என்று பெரிதாகப் பார்க்கவில்லை.

ஒரு வித்தியாசத்தை மூடிமறைக்கக் கூடாது. கயிறு சாத்திய களப்பாளருக்கு மறுமுனையில் சிவன் இருந்தார். 'ஜேன் ஐர்' படிக்கும் எனக்கு மறுமுனையில் யாரும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் கிடக்கும்போது இந்த வித்தியாசம் பெரியது. எந்த முறையும் அதை நிரப்புவதில்லை. மூன்றாவது நிபந்தனையாக ஏன் கூட்டு வாசிப்பை வைத்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மறுமுனையில் கடவுள் இல்லையென்றால் ஒரு மனிதராவது வேண்டும்.

புனைவுக்கு ஒரு பலமும் இருக்கிறது, அதோடு சண்டை போடலாம். ஜேன் ஐரின் காதலுக்குத் தடையாக மாடியறையில் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறாள் ஜமைக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பெர்த்தா. நாவல் அவளுக்கு ஒரு வார்த்தை பேச இடம் தரவில்லை. ஸோல்டன் தன் புத்தகத்தில் இந்த அநீதியைச் சுற்றிவளைக்காமல் எதிர்கொள்கிறார். ஹாரி பாட்டர் ஆசிரியர் திருநர்கள் குறித்து 2019 இறுதியிலிருந்து வெளிப்படையாகச் சொன்ன கருத்துகள் அந்த நாவல்களை நெஞ்சோடு வைத்திருந்த பல வாசகர்களைக் காயப்படுத்தின. சிலர் விலகினார்கள். சிலர் நூலை வைத்துக்கொண்டு ஆசிரியரை விட்டார்கள். இதில் யாரும் மதத்துரோகி ஆகிவிடவில்லை, யாரையும் ஊரைவிட்டு ஒதுக்கவில்லை. ஆசிரியர் குரு அல்ல என்று முதல் நாளே தெரிந்திருந்தால் இந்தச் சுதந்திரம் கிடைக்கிறது.

அந்தச் சுதந்திரமே பலவீனமும் ஆகிறது. மார்கழியில் எழுப்பிவிட்டுத் திருப்பாவை சொல்லச் சொல்லும் பாட்டி நாவலுக்கு இல்லை. நான் நோட்டு எழுதுவதை இரண்டு முறை விட்டிருக்கிறேன். ஏன் விட்டாய் என்று கேட்க யாருமில்லை.

இனி, இந்த வகையில் இன்றைக்கு மிகவும் உயிரோடு இருப்பதாக நான் நினைக்கும் ஒன்றுக்கு வருகிறேன். ஆக்டேவியா பட்லர் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் வளர்ந்த கறுப்பின எழுத்தாளர். 1993-ல் அவர் எழுதிய 'பேரபிள் ஆஃப் தி சோவர்' ஒரு பெண்ணின் நாட்குறிப்பு வடிவில், 2024 ஜூலையில் தொடங்குகிறது. வறட்சி, தீ, வீடற்றவர்கள், மதில் கட்டி வாழும் தெருக்கள். லாரன் ஓலமினா என்ற அந்தப் பதின்வயதுப் பெண்ணின் அப்பா பாப்டிஸ்ட் போதகர். அப்பாவின் கடவுள் அவளுக்குப் போதவில்லை. அவளாகவே சின்னச் சின்னச் செய்யுள்களாக ஒரு வழியை எழுதிக்கொண்டே வருகிறாள், அதற்கு 'எர்த்சீட்' என்று பெயர் வைக்கிறாள். பூமியின் விதை. அந்தச் செய்யுள்களின் எளிய வடிவத்துக்குப் பண்டைச் சீன ஞானி லாவோட்சுவின் 'தாவோ தே ஜிங்' தனக்கு வழிகாட்டியது என்று பட்லர் சொல்லியிருக்கிறார்.

அதன் மையச் செய்யுள் இப்படிப் போகிறது: நீ தொடுவதையெல்லாம் மாற்றுகிறாய், நீ மாற்றுவதெல்லாம் உன்னை மாற்றுகிறது, நிலைத்த உண்மை மாற்றம் ஒன்றே, கடவுள் என்பது மாற்றம்.

இந்தக் கடவுள் அன்பு காட்டாது, கோபிக்காது, உன்னைத் தெரிந்துவைத்திருக்காது. அதை வணங்குவதில்லை என்கிறாள் லாரன். கவனிக்கிறோம், அதனிடம் கற்கிறோம், முன்யோசனையாலும் உழைப்பாலும் அதற்கு வடிவம் கொடுக்கிறோம். இது ஆறுதல் தரும் மதம் அல்ல. அதனால்தானோ என்னவோ பலருக்கு உதவுகிறது. லாரனின் வழிபாடு என்று பார்த்தால் என்ன? எந்தக் காட்டுச்செடியைத் தின்னலாம் என்று படிக்கிறாள். ஓட வேண்டி வந்தால் எடுத்துக்கொள்ள ஒரு மூட்டை கட்டிவைக்கிறாள். தெருவில் சேர்ந்தவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறாள். நாவலின் முடிவில், தாங்கள் இழந்தவர்களுக்காக ஓக் மர விதைகளை நடுகிறார்கள். அந்த இடத்துக்கு 'ஏகார்ன்' என்றே பெயர் வைக்கிறார்கள், ஓக் மரத்தின் விதை.

படிக்கும் யாரும் மறுநாள் காலையில் செய்யக்கூடிய காரியங்கள் இவை. 2020-ல் உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்தபோது இந்த நாவல், ஆசிரியர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து, நியூயார்க் டைம்ஸின் அதிக விற்பனைப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு எழுத்தாளர் ஏட்ரியன் மரீ பிரவுனும் இசைக்கலைஞர் டோஷி ரீகனும் இந்த நூலை அத்தியாயம் அத்தியாயமாகப் பேசும் ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார்கள். ரீகன் தன் தாய் பெர்னிஸ் ஜான்சன் ரீகனோடு சேர்ந்து இதை இசை நாடகமாகவும் ஆக்கியிருந்தார். செய்யுள்களைப் பாட்டாகப் பாடும்போது, பாராயணத்துக்கும் கச்சேரிக்கும் நடுவில் ஏதோ ஒன்று நடக்கிறது.

இதே விதை வேறு மண்ணிலும் விழுந்தது. தொழிலதிபர் மார்ட்டீன் ராத்பிளாட் இந்த நாவலால் தூண்டப்பட்டு 'டெராசெம்' என்ற அமைப்பைத் தன் துணைவியோடு தொடங்கினார். மரணத்தைத் தொழில்நுட்பத்தால் தள்ளிவைக்கலாம், மனதைக் கணினியில் காப்பாற்றலாம் என்று நம்பும் வழி அது. மாற்றத்தையே கடவுளாக்கிய செய்யுளிலிருந்து மரணம் என்ற மாற்றத்தைத் தவிர்க்கும் முயற்சிக்குப் போனது எனக்கு ஏற்பாக இல்லை. ஆனால் அப்படிப் போகாமல் தடுக்கப் புனைவுக்குக் காவலாளி கிடையாது.

பட்லர் தானே ஒரு அனுஷ்டானம் வைத்திருந்தார். அவருடைய தாள்கள் கலிஃபோர்னியாவின் சான் மரீனோவில் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. அதில் 1988-ல் அவர் ஒரு நோட்டில் எழுதிய பக்கம் இன்று பலருக்குத் தெரியும். என் புத்தகங்கள் அதிக விற்பனைப் பட்டியலில் வரும், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் எழுதப் பயில உதவுவேன் என்று சங்கற்பம் போல எழுதிக்கொண்டே போகிறார். நடுநடுவே தனக்குத் தானே சொல்லும் ஒரு வரி வருகிறது: அப்படியே ஆகட்டும், அதை நடத்திக்காட்டு. முதல் பாதி எந்த மதத்திலும் இருக்கும் 'ததாஸ்து'. இரண்டாம் பாதியில் வேலை அவர் தலையிலேயே வந்து விழுகிறது. லாரனின் மதம் முழுக்க அந்த இரண்டாம் பாதியிலிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நாவலில் 2025 பிப்ரவரி 1 தேதியிட்ட நாட்குறிப்பு, இன்று தீப்பிடித்தது என்று தொடங்குகிறது. நிஜத்தில் 2025 ஜனவரி 7 அன்று, பாசடீனாவை ஒட்டிய அல்டடீனாவில் ஈட்டன் தீ பரவியது. 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. தலைமுறை தலைமுறையாகக் கறுப்பினக் குடும்பங்கள் சொந்த வீடு கட்டி வாழ்ந்த ஊர் அது. பட்லர் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் கல்லறைத் தோட்டமும் அங்கேதான். முன்பே சொன்னாரே, தீர்க்கதரிசி என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அதில் ஈடுபாடில்லை. காய்ந்த மலையையும் கண்முன் நடக்கும் அலட்சியத்தையும் பல ஆண்டுகள் கவனித்துப் பார்த்தவர் எழுதியது, அவ்வளவுதான்.

பாசடீனாவில் அவர் பெயரில் 2023-ல் திறந்த ஒரு சின்னப் புத்தகக்கடை இருக்கிறது, 'ஆக்டேவியாஸ் புக்‌ஷெல்ஃப்'. தீ பரவிய நாட்களில் அந்தக் கடை வீடிழந்தவர்களுக்கான உதவி மையமாக மாறியது. புத்தகம் விற்ற இடத்தில் துணிமணிகளும் குழந்தைகளுக்கான டயப்பரும் தண்ணீரும் வந்து குவிந்தன. கேட்டு வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.